லெவல் பார்க்காமல் போட்ட குழாய்

என் குழாய் மகராசருக்கு,

உங்கள் தொழிலுக்குப் போட்டியாக நம் வீட்டிலேயே ஒரு ஆள் முளைத்துவிட்டான். என் முதுகு மச்சத்தைக் காக்கா எச்சம் என்று கிண்டல் செய்வீர்களே, அது பெருத்துவிட்டது. நேற்று தோல் டாக்டரம்மா அதன்மேல் ஒரு லென்ஸை வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார். கறுப்புக்குள் சிவப்புச் சிவப்பாகக் குழாய்கள், சுருண்டு, கிளைவிட்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு.

"இதெல்லாம் புது ரத்தக்குழாய்ம்மா. கட்டி தனக்குன்னு போட்டுக்கிட்டது. இப்படிக் கோணல்மாணலா இருந்தா, உள்ள பரவியிருக்குமோன்னு பார்க்கணும்."

"என் வீட்டுக்காரர் பார்த்தா திட்டுவாரு டாக்டர், லெவலே பார்க்காம போட்டிருக்கான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வெட்டி எடுக்கிறார்கள். எதுவரை போயிருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தெரியுமாம்.

இன்னொன்று. சிரிக்கக் கூடாது. நேற்றிலிருந்து வீட்டில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். நீங்கள் கசிவு தேடுவதுபோல ஸ்க்ரூ டிரைவர் முனையைச் சுவரில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். சுவர் கம்மென்று இருந்தது. மெயின் வால்வையும் மூடிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால், "ஒரு சத்தமும் இல்லையேக்கா" என்கிறாள்.

ஆனால் ஓடுகிறது. நான் ஹாலுக்குப் போனால் அதுவும் ஹாலுக்கு வருகிறது.

வியாழனுக்குள் வந்துவிடுங்கள். உங்கள் காது பழகின காது. என் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லடி" என்று ஒரு பொய்யாவது சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி