எழுந்திருக்காத லேப்டாப்

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. என் லேப்டாப்பின் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் கரண்ட் போனதும், திறந்திருப்பதை அப்படியே டிஸ்கில் வைத்துவிட்டு அணையும் ஹைபர்னேட்டை அழுத்தச் சொல்லித் தங்கை கவிதாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். மதியம் எங்கள் விழிதியூரில் கரண்ட் போனது, அழுத்தியிருக்கிறாள். மாலையில் திறந்தால் லினக்ஸ் முதலிலிருந்து துவங்கி வெறும் திரையைக் காட்டியது. நாளை அவள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய புராஜெக்டில் இன்று அடித்ததெல்லாம் போய்விட்டது.

"சேவ் பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எல்லாம் அப்படியே இருக்கும்னு நீதானேண்ணே சொன்னே? பெரிய கம்ப்யூட்டர் புலி!"

போன மாதம் ரேமை இரண்டு மடங்காக்கினேன். அதிலிருப்பதை டிஸ்கில் இறக்கிவைக்கும் ஸ்வாப் பகுதி பழைய அளவிலேயே கிடந்தது. இடம் போதாமல் ஹைபர்னேட் ஆகவே இல்லை. பேட்டரி தீர்ந்து அணைந்திருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஒருவன் எழுதியிருக்கிறான்: "இந்தக் காலத்தில் ஹைபர்னேட் எதற்கு? சார்ஜரில் போட்டு, அணைக்காமல் சஸ்பெண்டில் தூங்க விடுங்கள்." அவன் வீட்டில் கரண்ட் போவதே இல்லை போலிருக்கிறது. காரைக்கால் டவுனில் இருக்கும் நண்பனும் அப்படித்தான். "இங்க போகலையேடா" என்கிறான். மின்சார அலுவலகத்தில் "லைன்ல வேலை தம்பி, அதான் வந்துருச்சுல்ல" என்று போனை வைத்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் போகவில்லை, கவிதாவுக்குத்தான் போனது.

ஸ்வாப்பைப் பெரிதாக்கிச் சோதித்தேன். அடித்த வரி அப்படியே திரும்பி வந்தது. வந்து பார் என்று கூப்பிட்டேன். கவிதா நிமிரவில்லை. எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். காலையில் டவுனில் டைப் அடிக்கக் கொடுப்பாளாம்.

"உன் லேப்டாப்ப நீயே வச்சிக்கண்ணே."

ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. இப்போது போகட்டுமே கரண்ட், பார்க்கலாம். போகாது.