திங்கட்கிழமை போன் வரும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதற்கு அடுத்த வரியாக வீட்டில் எல்லாம் நல்லபடி என்று எழுதுவதுதான் என் வழக்கம், இந்த முறை அதை எழுத முடியவில்லை, ஏனென்றால் நமக்கு இப்போது வீடு இல்லை. பதறாதே. உட்கார்ந்து படி. பாதியில் எங்களைக் கூப்பிடாதே, முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தையல்காரம்மா இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்துவிட மாட்டாளா என்று கேட்காதே, படித்தால் படிக்கட்டும், வரிசையாகக் கட்டில் போட்டு இத்தனை பெண்கள் படுக்கிற கூடத்தில் யாருக்கு எது தெரியாமல் இருக்கிறது.

நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய அச்சகத்தை இடித்துவிட்டுப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அந்தப் பள்ளம் ஆழமாக ஆக நம் மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டது. முதலில் விரல் நுழைகிற அளவு, அப்புறம் கையே நுழைகிற அளவு. உன் அப்பா அதில் சிமென்ட்டைப் பூசிவிட்டு, வயரிங் வேலை பார்த்தவனுக்குத் தெரியாத சுவரா என்று மார்தட்டிக்கொண்டார். அடுத்த வாரமே நகராட்சி இன்ஜினியர் வந்து பார்த்தார், இனி ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது, கையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு இறங்குங்கள் என்றார், நாங்கள் இறங்கியதும் கதவுக்குச் சீல் வைத்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் சான்றிதழ்கள், அப்பாவின் கண் மருந்து, இரண்டு பை துணி, இவ்வளவுதான் நான் எடுத்தது. அவர் எடுத்தது டெஸ்டரும் கட்டிங் பிளேயரும். வாடகை வாங்குகிற வீட்டுக்காரருக்கு அடித்தால் போன் அணைத்து வைத்திருப்பதாகவே வருகிறது.

முதலில் சித்தப்பா வீட்டுக்குத்தான் போனோம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இருப்பது இரண்டே அறை, மகள் வேறு கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். உன் சித்தி வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை, பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. எனக்கு அந்த மொழி புரியாதா. வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன், தெருவுக்கு வந்த பிறகுதான் எந்த இடம் என்று யோசித்தோம். ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருத்தி, ஆதரவில்லாத நோயாளிகள் குணமாகிப் போகும்போது கொடுத்தனுப்புகிற அவசரத் தங்குமிடத்தின் எண்ணைக் கொடுத்தாள். யாருக்கும்மா என்று கேட்டாள், எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, தெரிந்தவங்களுக்கு என்று சொல்லிவிட்டேன். அந்த எண்ணுக்கு அடித்து, காத்திருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, சாயங்காலம் கதவடைப்பதற்குள் வந்தால் படுக்கை உண்டு என்று அவர்கள் சொன்னபோது பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடம் மோசமில்லை. விரிப்புகளைத் துவைத்துத்தான் போடுகிறார்கள், சோப்பு சரியாகப் போக அலசுவதில்லை, அதை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆண்களுக்கு வேறு கட்டடம், பெண்களுக்கு வேறு கட்டடம், நடுவில் சாலை. புருஷன் பெண்டாட்டி என்றாலும் சேர்ந்து இருக்க அறை கிடையாது. காலையில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டும், சாயங்காலம்தான் திரும்பக் கதவு திறக்கும். நான் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்குப் போய்விடுகிறேன், துணி மடிக்கிற மேசைக்கு அடியில் பையைத் தள்ளி வைத்துவிட்டு வேலை பார்க்கிறேன். என்னம்மா, தினமும் ஊருக்குப் போறாப்ல பையோட வர்றீங்க என்று சூப்பர்வைசர் கேட்டார். தையல் கத்துக்கப் போறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது அவர் தன் பேத்திக்குக் கவுன் தைத்துத் தருவீர்களா என்கிறார், அந்த வம்பை எப்படித் தீர்ப்பது என்று தையல்காரம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அப்பா பகல் முழுக்க நூலகத்தில் இருக்கிறார். அங்கே எரியாத ஒரு விளக்கைச் சரி செய்து கொடுத்திருக்கிறார், அதனால் அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

எனக்கு இருக்கிற பயமெல்லாம் அவர் கண்ணைப் பற்றித்தான். தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் அந்தச் சொட்டு மருந்தை நான்தான் விடுவேன், உனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு தானே விட்டுக்கொள்வதாகச் சொன்னார், நானும் நம்பினேன். ஒரு நாள் அவர் சட்டைக் காலரைப் பார்த்தேன், மருந்து வழிந்து காய்ந்த கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. கை நடுங்குகிறது அவருக்கு, சொட்டு கன்னத்தில் விழுகிறது. கறையைப் பார்த்துப் பார்த்தே காலம் போனவளிடம் எத்தனை நாள் மறைப்பார். பார்வை போனால் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் கதவடைப்பதற்கு முன்னால் ஆண்கள் கட்டடத்து வாசல் கேட்டுக்கு நான் போய்விடுகிறேன், அவரைச் சுவரோரம் நிற்க வைத்து, தலையை நிமிர்த்தி, சாலையில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க மருந்து விடுகிறேன். காவலாளி நல்ல மனிதர், நாங்கள் முடிக்கும் வரை கேட்டை மூடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் வேலையில் ஷிப்ட் மாறினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். தங்குமிடத்திலேயே வீடு கிடைக்க உதவுவதற்கென்று ஒரு அதிகாரி இருக்கிறாள், சின்ன வயசுப் பெண், சுறுசுறுப்பு. வயதான தம்பதிகளுக்கென்று நகராட்சி கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று காலியாகப் போகிறது என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்களைத் தங்களோடு வைத்துப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ஏம்மா இல்லாம, என் மகன் வெளிநாட்டுல மூணு ரூம் வீடு வச்சிருக்கான், எப்ப வர்றீங்க எப்ப வர்றீங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், நாங்கதான் போகல என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே சந்தோஷம். அப்போ உங்களுக்குக் கவலையே இல்லை என்று எழுதிக்கொண்டாள். யாரும் இல்லாதவர்களுக்குத்தான் அந்த வீட்டில் முதல் உரிமை, உங்களைப் போல ஆள் இருப்பவர்கள் கடைசியில்தான் என்று விளக்கம் வேறு சொன்னாள். அவள் முன்னால் அவரை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வந்து சாலையில் வைத்து அவரை ஒரு பிடி பிடித்தேன். உங்க ஜம்பத்துக்கு இதுதான் நேரமா, இருந்த ஒரு வழியையும் அடைச்சுட்டு வந்திருக்கீங்களே என்று கத்தினேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார், அவன் எத்தனை பேரோட ஒரு ரூம்ல கிடக்கான்னு எனக்குத் தெரியாதா, ஆனா நமக்கு யாருமில்லைன்னு அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்த்துச் சொல்ல வாய் வரலடி என்றார்.

ஆமாம்ப்பா, எங்களுக்குத் தெரியும். வீடியோவில் நீ பேசும்போது உன் தலைக்குப் பின்னால் ஒரே ஆணியில் நாலு துண்டு தொங்கும், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒவ்வொரு நிற நூல், யாருடையது எது என்று தெரிய. சலவைக்காரி கண்ணுக்கு அது தப்புமா. ஒரு தடவை உன் போன் சரிந்து விழுந்தபோது மேல் கட்டிலிலிருந்து யாரோ ஒருவன் கால் காலுறையோடு தொங்கியதையும் பார்த்தோம். நீ சட்டென்று போனை நிமிர்த்தி, ஹாலில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றாய், நாங்களும் ஹால் பெரிசா இருக்கேப்பா என்றோம். நீ எங்கள் மனசு நோகக்கூடாது என்று சொன்னாய், நாங்கள் உன் மனசு நோகக்கூடாது என்று நம்பியதுபோல நடித்தோம். யார் மேலும் தப்பில்லை, ஆனால் அந்த மூன்று அறை வீடு இப்போது எங்களுக்குக் கிடைக்கப் போகிற ஒற்றை அறையை விழுங்கப் பார்க்கிறது.

மறுநாள் நான் தனியாகப் போய் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஆனால் அவர் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், நான் எதை நம்புவது, உங்கள் மகன் வாயால் கேட்டால்தான் மாற்ற முடியும் என்றாள். உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை உன்னைக் கூப்பிடுவாள். இந்த மாசக் கடைசியோடு எங்களுக்கு இங்கே தவணை முடிகிறது, வீடு கிடைக்காவிட்டால் என்னை ஊரின் ஒரு கோடிக்கும் அவரை இன்னொரு கோடிக்கும்தான் அனுப்புவார்கள், அங்கே உள்ள தங்குமிடங்களில்தான் கட்டில் காலி. இப்போது நடுவில் ஒரு சாலைதான் இருக்கிறது, அதையாவது கடந்துவிடுகிறேன்.

அதனால் திங்கட்கிழமை போன் வந்தால் நீ பூசி மெழுகாதே. உன்னை எனக்குத் தெரியும், உன் அப்பாவின் ரோஷம் அப்படியே உனக்கு. இரண்டு மாசத்தில் ஏற்பாடு பண்ணிவிடுவேன் என்பாய், அவள் ஏற்பாடு இருக்கிறது என்று எழுதிக்கொள்வாள். நான் பணம் அனுப்புகிறேன் என்பாய், அதையும் எழுதிக்கொள்வாள். நாளைக்கே கூட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாயோ, அத்தோடு முடிந்தது. எங்கே படுக்கிறாய், கூட எத்தனை பேர், உள்ளது உள்ளபடி சொல். என்னால் என் அப்பா அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல். பெற்ற வயிறு கேட்கிறேன், அதைச் சொன்னால் நீ கெட்ட பிள்ளை ஆகிவிட மாட்டாய். நாக்கு எழாது, எனக்குத் தெரியும், இதை எழுதும்போது எனக்கே கை எழவில்லை. போன் வருவதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள். மேல் கட்டில் பையன் கேட்டால் கேட்கட்டும்.

வேலையில் இடைவேளைக்கு முன்கூட்டியே சொல்லி வை, போனுக்குச் சார்ஜ் போட்டு வை, தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதே. எங்களுக்காக மனசு வெந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உனக்கென்று கதவு வைத்த அறை ஒன்று சீக்கிரம் அமைய வேண்டும், அதற்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன், காவலாளி மணியைப் பார்க்கிறார். இவ்வளவு நேரம் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த உன் அப்பா இப்போது தாளைக் கேட்கிறார், தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணில் இப்போதுதான் மருந்து விட்டது, வேறு ஒன்றும் இல்லை என்று அவனுக்கு எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

அம்மா எழுதியிருக்கிறது எல்லாம் சரி. முடியாதுன்னே சொல்லிடுப்பா.
அப்பா