பதிமூன்றாம் கட்டில்

அன்புள்ள சித்திக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, மன்னியுங்கள். அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இது உங்களுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

நாளை காலை அம்மாவுக்கு நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் தேர்வு. இரண்டு முறை தவறியது உங்களுக்குத் தெரியும். இதுதான் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் நோயாளியைத் தொடக் கூடாதாம். பதினோரு வருடம் பார்த்த வார்டில் தரை துடைக்கத்தான் விடுவார்களாம்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான். அம்மாவுடன் வார்டில் வேலை பார்க்கிற, போன மாதம் தேர்வு எழுதிய நான்கு அக்காக்கள் ஞாயிற்றுக்கிழமை நம் சமையலறைக்கு வந்தார்கள். நாற்பது கேள்விகள். ஆளுக்குப் பத்து என்று முன்பே பிரித்துக்கொண்டு, தலைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நாளைக்கும் அதே கேள்வித்தாள்தானாம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

சித்தி, ஊசி அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் (வாய் அப்படி, அதனால் அந்தப் பேர்). பதினொன்றிலிருந்து இருபதுவரை அவர் பங்கு. மறக்காமலிருக்க ஒவ்வொரு கேள்வியையும் மனசுக்குள் வார்டில் ஒரு கட்டிலில் படுக்கவைத்திருந்தாராம். கண்ணை மூடி, மேசைமேல் இரண்டு விரலை நடக்கவிட்டு, கட்டில் கட்டிலாகப் போய், கேள்வி, நான்கு விடை, எது சரி என்று ஒரு சொல் சிந்தாமல் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான்கு வரிச் செய்யுள் நிற்காத தலை என்னுடையது!

ஒரு சிக்கல் மட்டும். எழுதி முடித்துப் பார்த்தால் பதிமூன்று காலி, இருபத்தொன்று இரண்டு. எண்ணத் தெரியாதா உனக்கு என்று அடுத்த அக்கா கேட்க, என் வாயைக் கிளறாதே என்று ஊசி அக்கா எகிற, ஒண்ணு போனா போகட்டும், டீ ஆறுது என்று அம்மா முடித்துவைத்தாள்.

அன்றிலிருந்து அம்மா கேள்விகளைப் படிப்பதே இல்லை. படித்தால் எல்லாம் குழம்பிப்போகிறதாம். பாத்திரம் துலக்கும்போதும் பதினாலு ஆ, பதினஞ்சு ஈ என்று எண்ணையும் எழுத்தையும் மட்டும் உருப்போடுகிறாள்.

இன்று மத்தியானம், அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வார்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினான்கு. பதிமூணுன்னு போட்டா எவன் படுப்பான், ஆரம்பத்துலயே விட்டுட்டாங்க என்று காவலாளி சிரித்தார். ஊசி அக்கா சொன்னது கட்டில் எண். அதையே கேள்வி எண்ணாக எழுதியவள் நான். பதிமூன்றாவது கேள்வி பதினான்காம் கட்டிலில் படுத்திருக்கிறது! அங்கிருந்து எட்டு விடைகள் ஒன்று தள்ளி நிற்கின்றன. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி.

திருத்திவிடலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். சாப்பிடும்போது சும்மா, எண் சொல்லாமல், மூச்சுத் திணறுகிறவரை எப்படிப் படுக்கவைப்பது என்று கேட்டேன். படுக்கவைக்கவே கூடாதுடி, நிமித்தி உக்காரவைக்கணும் என்று ஆரம்பித்தவள், பதினான்காம் கட்டில் தாத்தாவுக்குப் போன வாரம் உதடு நீலமானது, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தது, அவர் இவள் வளையலை விடாமல் பிடித்துக்கொண்டது எல்லாம் சொன்னாள். எட்டையும் கேட்டேன். எட்டும் சரி. மீதியையும் கேட்டேன். எதுக்குடி போலீஸ் மாதிரி குடையறே, இதெல்லாம் தெரியாமலா வார்டுல நிக்கிறேன் என்றாள். நாற்பதில் இரண்டுதான் தவறியது. இத்தனை வருடம் யாருடன் ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அவளோ கையைக் கழுவிவிட்டு மறுபடியும் பதினாலு ஆ என்று தொடங்கிவிட்டாள்.

நோட்டைக் கிழித்து நனைத்துவிட்டேன், சித்தி. மை நீலமாகக் கரைந்து போகிறது. அவள் பையில் ஒரு சீட்டு மட்டும் வைத்திருக்கிறேன்: "அம்மா, நோட்டில் எண் தப்பு. கேள்வியைப் படி. கட்டிலுக்குப் போய்ப் பார்." விடிந்ததும் நோட்டைத் தேடுவாள்.

இது உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். அவள் தவறியிருந்தால் காரணம் நான். எப்படியானாலும் போனில் அதை முதலில் கேட்காதீர்கள். பதினான்காம் கட்டில் தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

பயத்துடன்,
உங்கள் மகள்தான்