அம்மா சொன்னதில் இரண்டு சொல்

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். செங்கல்பட்டு – மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே பயணம், லேப்டாப் பையை வயிற்றோடு அணைத்தபடி.

கேம் குழு, வழக்கம்போல் காபிக்கடை மாடி. எட்டுப் பேர் வர வேண்டும், வந்தது ஆறு. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, வீடியோ பார்த்துக் கேம் செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள். ஒருவர் செய்ததை மற்றவர்கள் விளையாடிக் கருத்துச் சொல்ல வேண்டும். பிரசன்னா வைத்த விதி: முதலில் இரண்டு நல்லது, நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடி ஒரு நல்லது. குறையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற ஏற்பாடு.

என்னுடைய ‘நரம்பு’ கேமைக் காட்டினேன். ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன், வரிசையில் நோயாளிகள், சரியான இடத்தில் ஊசி போட வேண்டும். பத்து வருடமாக லேபில் செய்கிற வேலை. கையைத் தட்டினால் நோயாளி கூரைக்குப் பறந்துபோகிறார். பக், அதாவது நிரலில் எங்கோ பிழை. எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை.

பிரசன்னா (இனி பி.): “நல்லா இருக்கு மெர்சி. ஆனா ஊசி கொஞ்சம் பயமா இருக்கு. அதுக்குப் பதிலா பூ வைக்கற மாதிரி மாத்தலாமே.”

பூ. நன்றி என்று எழுதிக்கொண்டேன். எரிச்சல்.

ஷாலினி கேம்: கடற்கரையில் ஒரு நண்டு, டூரிஸ்ட் கால்களில் மிதிபடாமல் தண்ணீருக்குப் போக வேண்டும். படூரில் காலேஜ் படிக்கிற பெண். பேசவே மாட்டாள். இரண்டு மாத உழைப்பாம்.

பி.யின் பெரிய கேமும் முடிந்துவிட்டது. ‘ஏரிக்கரை’. ஏரிப்பாசனம், நெல், அறுவடை. எல்லோருக்கும் ஃபைல் அனுப்பினான். அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் இணையப் போட்டியில் ஏற்ற வேண்டுமாம். அதற்குள் கருத்து வேண்டும்.

அம்மாவின் குரலும் அதில் இருக்கிறது. போன மாதம் கல்பாக்கத்திலிருந்து மைக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். “உண்மையான கிராமத்துக் குரல் வேணும் ஆன்ட்டி.” அம்மா மீன் குழம்பு வைத்தாள். ஒன்றரை மணி நேரம் பேசினாள், நடவு பற்றி, மதுராந்தகம் பக்கத்து வயல்களைப் பற்றி. அவள் அவ்வளவு பேசி நானே கேட்டதில்லை.

வாங்க வேண்டியது: மவுஸ், அம்மாவுக்கு முட்டித் தைலம்.

ஜூலை 7, திங்கள்

லேபில் சர்க்கரைப் பரிசோதனைக் கூட்டம். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு முறை குத்தினேன். “ஒழுங்கா கத்துக்கினு வர மாட்டியா.” நியாயம்தான்.

மூன்றரைக்கு வீடு. அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை, ஆறுக்குத்தான் வருவாள். ‘ஏரிக்கரை’ திறந்தேன்.

அழகு. அதை மறுக்க முடியாது. தண்ணீர் அசைவது, கொக்கு இறங்குவது. விளையாடுகிறவர் நிலத்துக்காரர், வெள்ளை வேட்டி. வயலில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே சிவப்புச் சேலை. மாட்டுக்குப் பெயர் இருக்கிறது, லட்சுமி. இவர்களுக்கு இல்லை.

ஒரு பெண்ணைத் தட்டினேன். அம்மா குரல்.

“வந்துட்டேன் ஆண்டே.”

கை தானாக இன்னொரு தடவை தட்டியது. வந்துட்டேன் ஆண்டே. அடுத்த பெண்ணைத் தட்டினேன். அதே.

அன்றைக்கு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்னது முழுதாக இது: “அப்பல்லாம் நெலத்துக்காரங்க கூப்ட்டா ‘வந்துட்டேன் ஆண்டே’ன்னு சொல்லணும். நிமிந்து பாக்கக் கூடாது. எனக்கு அத்த சொல்ல நாக்கு கூசும். ஒரு நாள் சொல்லல. கூட நட்டவளுங்கல்லாம் பயந்துட்டாளுங்க. மறுநாளு வேலைக்கி வராதன்னுட்டான். நான் போவல. அந்தக் கழனிப் பக்கமே அப்புறம் போவல.”

இதிலிருந்து இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான். மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

லேப்டாப்பை மூடினேன். அரிசி களைந்தேன். இரண்டு தடவை களைந்தேன் போல, தண்ணீர் தெளிவாக வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. துணி எல்லாம் பக்கத்து மாடியில்.

வேலையிலிருந்து வந்ததும் கருத்து எழுதினேன். நல்லது இரண்டு என்று தொடங்கவில்லை. குழுவில் எல்லோரும் பார்க்கும்படி அனுப்பியது:

“பிரசன்னா, என் அம்மா சொல்ல மறுத்த வார்த்தையை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறாய். அதற்காகத்தான் அவள் ஒன்றரை மணி நேரம் பேசினாள் என்று நினைத்தாயா? அந்தக் குரலை எடு. பெண்களுக்கு முகம் கொடு, பெயர் கொடு. கூப்பிட்டால் வராமல் இருக்கவும் வழி கொடு. இதைச் செய்யாமல் போட்டிக்கு அனுப்பாதே.”

அதே சூட்டில் ஷாலினிக்கும் எழுதி அனுப்பினேன். நண்டு கேம் பற்றி நான்கு வரி. படங்கள் எல்லாம் இணையத்தில் சும்மா கிடைப்பவை, விளையாட ஒன்றுமே இல்லை, இதற்கா இரண்டு மாதம். அதுவும் குழுவில்தான்.

 இன்று தூக்கம் வரும்.

ஜூலை 9, புதன்

பி. பதில், காலை 8.10, நான் ஊசியும் கையுமாக இருக்கும்போது: “மெர்சி, இது பீரியட் கேம். அந்தக் காலத்துல அப்படித்தான் பேசினாங்க. வரலாற்றை மாத்த முடியாது. ஆன்ட்டி முழு மனசோடதான் ரெக்கார்ட் பண்ணாங்க. எமோஷனலா எடுத்துக்காதீங்க. ஃபீட்பேக் ரூல் நமக்கெல்லாம் ஒண்ணுதானே.”

கீழே நான்கு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். ஒருவர்: “மாட்டு அனிமேஷன் செம ப்ரோ.”

வரலாறாம். வேலையை விட்டு நின்றதும் வரலாறுதானே. அதை ஏன் வெட்டினாய்?

போன் செய்தேன். எடுத்தான்.

“உங்க அம்மா கதையை நான் மதிக்கறேன் மெர்சி. ஆனா கேம்ல ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு சத்தம் வேணும். சின்னதா இருக்கணும். அது ரெண்டு செகண்டுக்குள்ள அழகா அமைஞ்சுது.”

“அழகாவா?”

“சவுண்டைச் சொல்றேன். குவாலிட்டி.”

வைத்துவிட்டேன். மைக்கோடு வந்த அன்று அவனுக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினது நான்தான்.

ஜூலை 10, வியாழன்

அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள், சிரித்தபடி. “இன்னாடி, அந்தத் தம்பி கேமு முடிஞ்சிச்சா? என் கொரலு வந்துகீதா? கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன். மாஸ்டரு போன்ல போட்டுக் காட்டச் சொல்றாரு.”

“இன்னும் முடியலமா.”

“பொறுமையா செய்யட்டும். நல்ல புள்ள.”

நல்ல புள்ள.

பிறகுதான் கவனித்தேன், ஷாலினி குழுவை விட்டு வெளியேறியிருக்கிறாள். செவ்வாய் இரவே. நண்டு கேமை இணையத்தில் ஏற்றி வைத்திருந்த இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாள். என்னைத் தவிர யாரும் அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை. என் நான்கு வரியும் அப்படி.

இப்போது என் மேலும் கோபம். எளிதில் அகப்பட்ட ஆள் மேல் இறக்கிவிட்டேன். பி. திருப்பி அடிப்பான், அவள் அடிக்க மாட்டாள்.

ஜூலை 12, சனி

லேப் அரை நாள். நேற்று எழுதவில்லை, எழுத மனமில்லை.

மதியம் அம்மாவுக்கும் விடுமுறை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் லேப்டாப் முன்னால் அம்மா. கேன்டீன் மாஸ்டரின் மகன் பி.யின் முன்னோட்ட வீடியோவை எங்கோ பார்த்துவிட்டு, அவள் போனுக்கு அனுப்பியிருக்கிறான். “இதான அது? பெருசுல போடு.”

தப்பிக்க வழியில்லை. கேமையே போட்டேன். அவள் விரலால் தட்டினாள்.

வந்துட்டேன் ஆண்டே.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

“மீதி எங்க?”

“எதும்மா?”

“நான் சொன்ன மீதி. நாக்கு கூசும்னேனே. நின்னுட்டேன்னேனே. அது எந்தப் பட்டன்ல கீது?”

“இல்லமா. வெட்டிட்டான்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கெழம.”

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். அரை மணி கழித்து, முந்தானையில் கை துடைத்தபடி: “நாளைக்கி எத்தினி மணிக்கி பஸ்ஸு?”

ஜூலை 13, ஞாயிறு

அம்மா சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. என் நினைவில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை அப்பா செத்த அன்று.

கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலை. மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கூட்டம், வியர்வை, வழியெல்லாம் கல் செதுக்குகிற சத்தம். காபிக்கடை மாடிப்படி ஏற முட்டி வலி. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். நான் கை கொடுத்ததைத் தட்டிவிட்டாள்.

பி. எழுந்துவிட்டான். “வாங்க ஆன்ட்டி. உக்காருங்க. காபி?”

“வாணாம் தம்பி.” உட்கார்ந்தாள். “அத்தப் போடு. கேக்கணும்.”

“எதை ஆன்ட்டி?”

“என்னை.”

போட்டான். குரல் வந்தது. ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“இவ யாரு?”

“வேலை செய்யறவங்க. கேரக்டர்.”

“பேரு?”

“பேர் இல்ல ஆன்ட்டி. நிறையப் பேர் இருக்காங்கல்ல, அதான்…”

“நாங்களும் நெறையப் பேருதான் இருந்தோம். எல்லாருக்கும் பேரு இருந்துச்சு.” குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, நீ எங்க வூட்டுக்கு வந்தே. குந்த வெச்சி சோறு போட்டேன். என் பொண்ணுகிட்டகூட அன்னி வரைக்கும் சொல்லாதத உன்கிட்ட சொன்னேன். நல்லாக் கேட்டுக்கினு இருந்தியேன்னு சொன்னேன். எத்த வாணாம்னு நான் வுட்டுட்டு வந்தேனோ, அத்த மட்டும் பொறுக்கியாந்து எங்கிட்டயே காட்டுற.”

“தப்பான எண்ணத்துல செய்யல ஆன்ட்டி.”

“எண்ணத்த யாரு கேட்டா. எட்த்துடு. நான் பாக்க எடு.”

பி. முகம் சிவந்தது. ஆறு மணிக்குள் ஏற்ற வேண்டும், புதுக் குரல் தேட நேரமில்லை என்றான். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைப்பையன் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். கடைசியில் பி. ஃபைலைத் திறந்து குரலை அழித்தான். அந்த இடத்தில் ஒரு மணிச் சத்தம் வைத்தான். டிங்.

“முழுசாப் பேசுனது கீதே, அது?”

“அதையும் அழிக்கணுமா?”

“என் பொண்ணு போனுக்கு அனுப்பிட்டு அழி.”

அனுப்பினான். அழித்தான். மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இத்தனை மாதம் என் கேமுக்கு இரண்டு நல்லது சொன்ன வாய்கள்.

பெண்களுக்கு முகம்? பெயர்? நான் கேட்டேன். “அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்” என்றான். ஆக, பன்னிரண்டு சிவப்புச் சேலையும் அப்படியே போட்டிக்குப் போகிறது. கூப்பிட்டால் டிங் என்று வருவார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஜெயித்துவிட்ட மாதிரி ஏதோ சொல்லப் போனேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“திங்கக்கெழமையே ஏன் சொல்லல?”

“உனக்கு வலிக்கும்னு…”

“நீயா முடிவு பண்ணிக்கினியா. ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கினு திரிஞ்சேன். அத்தயும் பாத்துக்கினு சும்மாத்தான இருந்தே.”

செங்கல்பட்டில் இறங்கியதும் எனக்கு நிற்காமல் நடந்தாள். 

ஜூலை 14, திங்கள்

குழுவிலிருந்து விலகினேன். காரணம் எழுதினேன், ஆறு வரி, அழித்தேன், ஒரு வரி: “விதி எனக்கு ஒத்து வரவில்லை.”

அம்மா மாஸ்டரிடம் தானே சொல்லிவிட்டாளாம், குரலைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று. என்னோடு பேசுகிறாள், சுருக்கமாக. சோறு, மாத்திரை, கதவு.

ஷாலினிக்குத் தனியாக எழுதினேன். நான்கு வரி எழுதியது தப்பு, எல்லோர் முன்னாலும் எழுதியது அதைவிடத் தப்பு, வேறு ஒருவன் மேல் இருந்த கோபம். கேம் ஃபைல் என்னிடம் இன்னும் இருக்கிறது, இன்று ஒரு மணி நேரம் விளையாடினேன், அலை வரும்போது நண்டு மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் நன்றாக இருக்கிறது. இதெல்லாம்.

பதில் இல்லை.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் இடி, மழை இல்லை. ஷாலினி போன் செய்தாள். அவள் குரலை இவ்வளவு நீளமாகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி எழுதினப்போ எவ்ளோ நேரம் விளையாடினீங்க?”

பொய் நாக்கு நுனி வரை வந்தது. “ரெண்டு நிமிஷம்.”

“தெரியும். மொத லெவல்லயே வர்ற நண்டு காலெல்லாம் நானே வரைஞ்சது. எட்டுக் காலும். சும்மா கெடச்ச படம்னு எழுதினீங்க.”

“ஆமா.”

“எங்கப்பா அத்தப் படிச்சாரு. லேப்டாப்ப தம்பிகிட்ட குடுன்னுட்டாரு.”

 மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்.

“அது வாணாம்கா. நான் இன்னும் கோவமாத்தான் கீறேன். இப்ப காலேஜ் லேப்ல ஒக்காந்துகினு கீறேன், ஏழு மணிக்கி பூட்டிடுவாங்க. மூணாவது லெவல்ல நண்டு செவுத்துல மாட்டிக்குது. ஏன்னே தெரியல. வேற யாரயும் கேக்கத் தெரியல, அதான் ஒங்களக் கேக்கறேன்.”

மணி ஆறு பத்து. அனுப்பச் சொன்னேன். நிரலில் சுவரின் எல்லையை அவள் இரண்டு தடவை எழுதியிருக்கிறாள், ஒன்றின் மேல் ஒன்று. எந்த வரியை எடுப்பது என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“இருங்க. பேசாதீங்க. நானே பாக்கறேன்.”