உங்கம்மா பிடிச்சிருந்த மண்பொம்மை

நம்ம ஊர் தெக்கோவாவிலேர்ந்து உன் சித்தி மில்காள் எழுதுறது. யசனியா கண்ணு, எகிப்துக் கோட்டையில காவல் நிக்கிற உன்னைக் கர்த்தர் ராவும் பகலும் விசாரிச்சுக்கட்டும். இங்க நானும் உன் சித்தப்பாவும் உன் பொண்டாட்டி எப்சிபாளும் இருக்கோம், சுகம்னு சொல்லத்தான் வாய் வரல.

நம்ம யோசியா ராசா செத்துட்டாருப்பா. மெகிதோ சண்டையில, நீ கூலி வாங்குற அந்தப் பார்வோன் ஆளுங்க விட்ட அம்பு. நீ அந்தக் கூட்டத்துல இல்லைன்னு ஒரு வரி எழுதிப் போடு, சித்தப்பா சாப்பிடாம கிடக்காரு. எனக்கு ஒண்ணும் புரியலடா. எருசலேமைத் தவிர வேற எங்கயும் பலி கூடாதுன்னு எங்கப்பா பூசை பண்ணின மேடையை இடிச்சவரும் அவருதான், நம்ம கிணத்தைப் பெரிய வீட்டுக்காரன் பிடுங்கினப்போ கேட்டு நியாயம் தீர்த்தவரும் அவருதான். அப்பா அழுதாரு, நான் ராசாவைத் திட்டினேன், அப்புறம் அந்தப் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போனோமே, அவரு குடுத்த ஆட்டுக்குட்டியைத் தின்னப்போ திட்டினதெல்லாம் மறந்துபோச்சு. பஸ்கா ஆட்டு எலும்பை உடைக்கக் கூடாதுன்னு தெரியாம நீ உடைக்கப் போய் என்கிட்ட அடி வாங்கினே, ஞாபகம் இருக்கா? சமாதானமா கல்லறைக்குப் போவீருன்னு தீர்க்கதரிசி அம்மா அவருக்குச் சொன்னாங்களாம். ரதத்துல ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டு வந்தாங்க. இது என்ன சமாதானம்? கேட்டா பாவமோ என்னவோ, கேட்டுட்டேன்.

பக்கத்து வீட்டு திர்சாள் சும்மா இருக்காளா? ராசா சொன்னாருன்னு வானத்து ராணி சாமிக்கு அப்பம் சுட்டுப் படைக்கிறதை நிறுத்தினோம்ல, அதான் இந்தக் கதின்னு தெரு முழுக்கச் சொல்றா. ஏண்டி ராசாவைப் புதைச்ச ஈரம் காயலை, அதுக்குள்ள அடுப்பு மூட்டிட்டியான்னு கேட்டேன். நீ ரொம்ப யோக்கியமோங்கிறா. நான் உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். உன்கிட்ட சொல்றேன், சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. வீட்டுச் சாமி பொம்மையெல்லாம் உடைக்கணும்னு ராசா ஆளுங்க வந்தப்போ நான் கூழ்ப்பானையை உடைச்சு அந்த ஓட்டுத் துண்டைத்தான் காட்டினேன். மாரைப் பிடிச்சிட்டு நிக்குமே ஒரு மண்பொம்மை, அது உங்கம்மாவோடது, அதை அத்திமரத்தடியில புதைச்சிட்டேன். உன்னைப் பெத்தப்போ அவ கையில இருந்தது, உடைக்க மனசு வரல. இப்ப படுத்தா தூக்கம் இல்ல. நான் ஒளிச்சதுக்குத்தான் அம்பு அவர் மேல பாஞ்சுதோ? இல்ல திர்சாள் சொல்றதுதான் சரியோ? எப்சிபாளுக்கு இது பேறு மாசம். பயந்து நடுங்குறா, பிடிச்சுக்க ஒரு பொம்மை கிடைக்குமா அத்தைங்கிறா. குடுத்தா கர்த்தர் கோவிப்பாரு, குடுக்காம அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

இதுவரைக்கும் நாலு நாளைக்கு முன்ன எழுதினது, கடுதாசி கொண்டுபோற கழுதைக்காரன் வரல. இன்னிக்கு மத்தியானம் அத்திமரத்தடியில போய்த் தோண்டினேன் கண்ணு. உங்கம்மா கட்டைவிரல் தேய்ச்ச இடம் வழவழன்னு அப்படியே இருந்துச்சு. அதைப் பாத்ததும்தான் உறைச்சுது, இதை இறுக்கிப் பிடிச்சிட்டேதானே அவ செத்தா. அதே நேரம் உள்ள எப்சிபாள் வலியில கத்துறா. பொம்மையை மடியில சொருகிட்டு ஓடி, என் கையைக் குடுத்தேன், பிடிச்சுக்கடீன்னேன். பொழுது சாயற வரைக்கும் விடல. ஆம்பளைப் பிள்ளைடா! அவளும் நல்லா இருக்கா. என் விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு, எழுத்து கோணினா சிரிக்காதே.

யோசியான்னு பேர் வைக்கணும்னு எப்சிபாள் ஒத்தக்கால்ல நிக்கிறா. அகாலமாப் போனவர் பேராடின்னு திர்சாள் வாயில அடிச்சுக்கிறா. நல்லவரு செத்தாரு, ஒளிச்ச நான் பேரன் முகம் பாக்குறேன், இதுல என்ன நியாயம்னு விளங்கல. ஆனா விருத்தசேதனம் பண்ணிப் பேர் வைக்கிற எட்டாம் நாள் அந்தப் பேரைத்தான் கூப்பிடப் போறேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும், குளிர்ல வெறுந்தரையில படுக்காதே. அத்திப்பழ அடை அனுப்பியிருக்கேன், பாத்துக் கடி, நடுவுல உங்கம்மா பொம்மை இருக்கு. உடைக்கணும்னா நீயே உடை, என்னால முடியல.

உன்னை வளர்த்த சித்தி
மில்காள்