மூன்று கம்பெனிகளும் ஒரு ஜன்னலும்

கடல் கடந்து கம்ப்யூட்டர் மேய்க்கும் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமனும், உங்கள் வீட்டு வயர்லெஸ் இன்டர்நெட் இலாகாவின் தலைமைத் தளபதியுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன் அம்மாவின் மூட்டுவலியும் அமோகமாக இருக்கிறது. போனில் சொல்லாமல் எழுதுகிறானே என்று சிரிக்காதே. போனில் பேசினால் அக்கா பக்கத்தில் நின்று கேட்பாள்.

அப்பா போனதிலிருந்து நீயும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்ததில்லை. நல்ல கனெக்‌ஷன் பார்க்கச் சொன்னாய். கேபிள்காரன் துளைபோடும் மெஷினோடு வந்தான். சுவரில் ஓட்டை போட்டால் உன் மண்டையிலும் போடுவேன் என்று அக்கா விரட்டிவிட்டாள். ஆகவே மூன்று வயர்லெஸ் கம்பெனிகளிடமும் இலவசமாக இன்டர்நெட் பெட்டி வாங்கிப் பரீட்சை வைத்தேன்.

முதலாவது மலிவோ மலிவு. காலையில் குதிரை. சாயங்காலம் தெருவே படம் பார்க்க உட்கார்ந்ததும் படுத்துவிடுகிறது. சோதனைக்கு உன் பெரியப்பா மகளை வீடியோவில் கூப்பிட்டோம். தும்முவதற்கு வாயைத் திறந்தாள், படம் நின்றது. நான் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தேன். அவள் இன்னும் தும்மி முடிக்கவில்லை.

இரண்டாவதின் வேகம் பயங்கரம். நான் கேள்வியை யோசிப்பதற்குள் பதில் வந்து காத்திருந்தது. விலையைக் கேட்டால் வீட்டுப் பத்திரத்தையே கேட்பார்கள் போலிருக்கிறது. அதோடு, தூறல் விழுந்தால் அதற்கு ஜலதோஷம்.

மூன்றாவது விலையிலும் வேகத்திலும் நடுத்தரம். ஆனால் மழையோ சாயங்காலமோ, நின்றதே இல்லை. அத்தான் மாதிரி என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

அதிலும் ஒரு சிக்கல். கூடத்தில் சிக்னல் ஒரே கோடு. போய்ப் பார்த்தால், தூசி படுமென்று அக்கா பெட்டிக்குக் கம்பளிச் சால்வை போர்த்தியிருக்கிறாள்! உரித்தெடுத்த பிறகும் அதே கதைதான். பெட்டியை நான் ஏந்த, நீள ஒயரை அக்கா பிடிக்க, வீடு முழுக்க ஊர்வலம் போனோம். உன் அப்பாவின் அறைக் கதவருகே வந்ததும் எல்லாக் கோடும் எரிந்தது.

டவர் அந்த ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. அவர் ரேடியோவையும் அங்கேதானே வைப்பார்? சின்ன வயதில் நீ ஏரியல் முனையைப் பிடித்தால்தான் இரைச்சல் அடங்கும். செய்தி முடிகிறவரை மூக்கு அரித்தாலும் அசையாமல் நிற்பாய். கூலி கேள், கூலி கேள் என்று நான் பின்னாலிருந்து தூண்டிவிடுவேன். கவுன் போட்ட டவர் உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருந்தது. அவர் செய்தி கேட்டாரா, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவர் போன பிறகு அக்கா அந்த அறையைத் திறக்கவே இல்லை. உனக்கும் தெரியும். பெருக்கக்கூட யாரையும் விடவில்லை. அதனால் நான் அவசரமாக, இரண்டாவதையே எடுத்துக்கொள்வோம், அதற்குக் கூடமே போதும், விலை கிடக்கிறது என்றேன். பேரம் பேசாமல் என் ஆயுளில் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அக்கா ஒயரைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். கோபம் என்று நினைத்தேன். சாவியோடு திரும்பி வந்தாள்.

“மழை பெஞ்சா நின்னு போறது எனக்கு வேணாம்டா. அவ பேசறப்போ பாதியில போகக் கூடாது.”

ரேடியோவை நகர்த்தவில்லை. பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்தாள். ஆணியில் தொங்கிய அவர் சட்டையை உதறி, மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அந்தச் சட்டை தெரியும். இதற்காகத்தான் எழுதுகிறேன், முன்னாலேயே தெரிந்துகொள். படம் நன்றாக ஓடும்போதே குரல் கம்மியதும் “நெட் போச்சு” என்று எத்தனை முறை போனை வைத்திருக்கிறீர்கள் இரண்டு பேரும்! நீ அங்கே என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. இங்கே அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இந்தக் கம்பெனி நிற்காது, கண்ணம்மா. நீயும் வைத்துவிடாதே.

நல்லா இரு.

உன் மாமன்