வாப்பா ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்?

2 மார்ச் 1956

இந்தக் கொப்பியில் உண்மையை மட்டும் எழுதுவேன், வெட்கமான விஷயமானாலும். முதல் விஷயமே வெட்கமானது. வாப்பாவுக்குச் சாரன் மறைக்கும் இடத்தில் கடி. திருகோணமலைத் துறைமுகத்தில் நாள் முழுக்க நனைந்த சாரனோடு சரக்கு இறக்குகிறவர். இரண்டு கிழமையாகச் சொறிகிறார். எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்கள். இரண்டே அறை வீட்டில் தெரியாமலிருக்க நான் என்ன கதிரையா?

5 மார்ச்

ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் கிணற்றடி மறைப்புக்குள் போய்ச் சிவப்பு மருந்துச் சவர்க்காரத்தால் தேய்க்கிறார். நீர் கசிந்தால், தொழுகைக்குக் கைகால் கழுவி எடுக்கிற உளு கூடாதாம். எரிகிறது என்று முனகுகிறார். எரிந்தால் அழுக்குப் போகிறதாம். வேலைக்கும் ஒரு கட்டி கொண்டுபோகிறார். ஒரு நாளைக்கு ஐந்து தரம்!

9 மார்ச்

வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. இருந்தெழும்ப ஏலாது. உம்மாவின் தம்பி ஸைனுலாப்தீன் மாமா எங்கள் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னார்: "வெள்ளைக்காரன்ட கப்பல் நிக்கிற துறையில, மச்சானை உப்புத் தண்ணி மட்டுமா கடிக்கும், ராத்தா?"

அவர் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

12 மார்ச்

வாப்பா வெளியே படுக்கிறார். அவருடைய சாரன்களை உம்மா தனியாக அவிக்கிறா, அதே சவர்க்காரத்தை அள்ளிப் போட்டு. அலசுவதுகூட இல்லை, கை படக்கூடாதாம்.

வாப்பா சொன்னார்: "நம்மட கிண்ணியா ஆஸ்பத்திரியில துண்டு எழுதுறவன் உன்ட சாச்சாட மகன். நான் போனா, கெட்ட வருத்தம் எண்டு ஊரெல்லாம் கதை."

"போகாட்டியும் அந்தக் கதைதான்," என்றா உம்மா.

14 மார்ச்

இன்று உம்மா சொல்லியே விட்டா. "இது எங்க போய் வாங்கின வருத்தம் எண்டு நோன்புக்கு முன்ன எனக்குத் தெரியணும். இல்லாட்டி மூதூருக்கு, உங்கட உம்மாட்டப் போங்க. இது எனக்குத் தந்த சீதன வீடு."

வாப்பா போனால் திரும்பி வருவாரா? யாரிடம் கேட்பது? ஒரு டொக்டரிடம் காட்டினால் முடிகிற விஷயம் இது! தோல் தானே? காலில் வந்திருந்தால் ஊருக்கே காட்டியிருப்பார்.

15 மார்ச்

பள்ளிக்கூட அலுமாரியில் சுகாதாரப் புத்தகம் ஒன்று. ஆண்களின் மறைவிடத்துத் தோலிலும் சாதாரணக் கடி வருமாம்: வியர்வை, ஈரம், உரமான சவர்க்காரம். இரண்டு கிழமையில் ஆறாவிட்டால், புண்ணானால், நீர் வடிந்தால், சிறுநீர் கழிக்க எரிந்தால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோ வீக்கமோ என்றால் அன்றைக்கே. ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுதினேன். காது சுட்டது. வாப்பாவின் சோற்றுப் பொதிக்குள் வைத்தேன்.

16 மார்ச்

பொதித் துணி திரும்பி வந்தது. தாள் வரவில்லை. வாப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

24 மார்ச்

வாப்பா போயிருக்கிறார்! வேலைக்குப் போகிற சாட்டில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு, இரண்டு தரம். "வீட்டில காட்ட வேணும்" என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். ஆங்கிலம். உம்மா அதை என்னிடம் நீட்டினா.

"வாசி புள்ள. ஒண்டையும் மறைக்காத."

அகராதியும் கையுமாக அரை மணித்தியாலம். ஈரத்தில் வந்த பங்கசு, ஒரு வகைப் பூஞ்சணமாம். அதன்மேல் சவர்க்காரம் தோலைப் பொசுக்கியிருக்கிறது. இரத்தத்தில் கெட்ட வருத்தம் எதுவும் இல்லை. களிம்பு பூச வேண்டும். வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் துடைத்து, காய்ந்த துணி உடுக்க வேண்டும். துணியில் சவர்க்காரம் தங்கக்கூடாது.

"துணியிலயுமா?" என்றா உம்மா.

"ஓம் உம்மா."

உம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

25 மார்ச்

உம்மா விடியவே எல்லாச் சாரன்களையும் கிணற்றடியில் அலசினா. வெறுங்கையால். நாலு தண்ணீர்.

30 மார்ச்

வாப்பா ஜும்ஆவுக்குப் போனார். மாமா வந்து, "என்ன மச்சான், கடல் இப்ப கடிக்கிறதில்லையோ?" என்று தொடங்கினார்.

"கிணத்தடியில அந்தச் சவர்க்காரம் மிச்சம் கிடக்கு," என்றா உம்மா. "வாயைக் கழுவிட்டு வந்து கதை."

வாப்பா சிரித்ததைப் பார்த்து எத்தனை நாள்! இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் உள் அறையிலிருந்து உம்மா கத்துகிறா: "போதும் புள்ள, வெளிச்சம் வாப்பாட கண்ணில படுது." இதோ, வந்து விளக்கை அணைத்தே விட்